பட்டத்தோடு சேர்த்துப் படிக்கலாம், பேரிடர் மேலாண்மை

2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி, செவ்வாய்க்கிழமை.

மும்பை ஃபோர்ட் பகுதி அலுவலகங்களில் இருந்தவர்களுக்கு அது மற்றொரு மழை நாள். கொலாபாவில் அன்று பெய்தது சுமார் 74 மில்லி மீட்டர்தான். மழைக்காலத்து மும்பைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. குடையை எடுத்துக்கொண்டு, டிபன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, குமாஸ்தாக்கள் வழக்கம்போல வி.டி. நிலையத்தை நோக்கி நடந்தார்கள்.

அதே நாள், அதே நகரம். வடக்கே சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் கொட்டிய மழை 944 மில்லி மீட்டர். மிட்டி நதி கரை கடந்தது. சயானிலும் குர்லாவிலும் தண்டவாளங்கள் மூழ்கின. மின்சார ரயில்கள் நின்ற இடத்திலேயே நின்றன. மின்சாரம் போயிற்று. தொலைபேசியும் பல இடங்களில் பேசவில்லை. வண்டியை விட்டு இறங்கி, கழுத்தளவு தண்ணீரில், முன்னே போனவரின் தோளைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய நடந்து வீடு சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில். வீடு சேராதவர்களும் உண்டு. மும்பை நகரில் மட்டும் 400 பேருக்கு மேல் உயிர் இழந்தார்கள்.

தெற்கே இருந்தவர்களுக்கு வடக்கே நடப்பது தெரியாது. "இப்போது புறப்படாதீர்கள், இருக்கும் இடத்திலேயே இருங்கள்" என்று ஒரு வார்த்தை உரிய நேரத்தில் அலுவலகங்களுக்கு எட்டியிருந்தால் எத்தனையோ பேர் அந்த வெள்ளத்தில் இறங்கியே இருக்கமாட்டார்கள்.

அந்த ஒரு வார்த்தையை யார் சொல்வது, எப்போது சொல்வது, யாருக்குச் சொல்வது? இதை முறையாகக் கற்றுக்கொடுக்கும் படிப்புக்குத்தான் பேரிடர் மேலாண்மை என்று பெயர். பி.காம்., பி.எஸ்சி., நர்சிங் என்று வேறு ஒரு பட்டம் படித்துக்கொண்டே இதையும் சேர்த்துப் படிக்க இப்போது வழி இருக்கிறது.

ஒரு நாளைப் பிரித்துப் பார்த்தால்...

பேரிடர் மேலாண்மை என்றதும் கயிற்றில் தொங்கி ஆளைக் காப்பாற்றும் வீரர்கள் பலருடைய நினைவுக்கு வருவார்கள். அது அந்தப் படிப்பின் ஒரு சிறு பகுதிதான்.

ஜூலை 26-ஐயே எடுத்துக்கொள்வோம். பெய்த மழை இயற்கை. ஆனால் நகரத்தின் பழைய மழைநீர்க் கால்வாய்கள் மணிக்கு 25 மில்லி மீட்டர் மழைக்கென்று கட்டப்பட்டவை. அன்று பிற்பகலில் கடலில் உயர் அலை. சுமார் நாலரை மீட்டர் உயரத்துக்குக் கடல் ஏறி நிற்கும்போது கால்வாய்த் தண்ணீர் எங்கே போகும்? மிட்டி நதியோ பல இடங்களில் மண் கொட்டியும் கட்டடம் கட்டியும் குறுகிப் போயிருந்தது. இவற்றோடு, தகவல் போய்ச் சேராத குறையும் கூடிக்கொண்டது.

மழை அபாயம். கால்வாய், நதி, தகவல் இவற்றில் இருந்த ஓட்டைகள் நமது பலவீனம். அபாயமும் பலவீனமும் ஒன்று சேர்ந்தால்தான் பேரிடர். யாரும் இல்லாத பாலைவனத்தில் பூமி அதிர்ந்தால் அது செய்தி. ஆட்கள் உறங்கும் ஊரில் அதிர்ந்தால் அது சாவு. இந்தப் படிப்பின் முதல் பாடம் இதுதான்.

அதற்குப் பிறகு நான்கு படிகள் வரும். அபாயம் வருமுன்பே அதன் வேகத்தைக் குறைப்பது. வந்தால் என்ன செய்வது என்று ஆயத்தமாக இருப்பது. வந்தவுடன் உயிர்களைக் காப்பது. முடிந்த பிறகு மக்கள் மீண்டும் எழுந்து நிற்க உதவுவது. வானிலை எச்சரிக்கையின் நிறங்களுக்கு என்ன பொருள், நிவாரணக் கிடங்கில் எதை எவ்வளவு சேர்த்துவைப்பது, முகாமில் கழிப்பிடமும் குடிநீரும் எப்படி அமைப்பது, கூட்டத்தை எப்படி வழிநடத்துவது, ஒத்திகை எப்படி நடத்துவது, சட்டம் யாருக்கு என்ன பொறுப்பைத் தந்திருக்கிறது என்பதெல்லாம் பாடத்தில் உண்டு.

கூட்டத்தைப் பற்றிய பாடம் மும்பைக்காரர்களுக்கு ஏட்டுப் பாடம் அல்ல. 2017-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி காலை, பரேல் நிலையத்துக்கும் எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்துக்கும் இடையே உள்ள நடைமேம்பாலத்தில் நெரிசல் ஏற்பட்டு 23 பேர் மாண்டார்கள். மழைக்கு ஒதுங்கியவர்கள் படிக்கட்டில் நின்றார்கள். அடுத்தடுத்து வந்த ரயில்களில் இருந்து இறங்கியவர்கள் பின்னாலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். வெள்ளம் இல்லை, தீ இல்லை, பூகம்பமும் இல்லை. வழி குறுகலாக இருந்தது. கூட்டத்தை நிறுத்தி அனுப்ப ஏற்பாடு இல்லை.

ஒடிசா காட்டிய வழி

"வருவது வந்தே தீரும், படித்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் ஒடிசாவில் இருக்கிறது.

1999-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அந்த மாநிலத்தைப் பெரும்புயல் தாக்கியது. சுமார் 10 ஆயிரம் பேர் இறந்தார்கள். அதன் பிறகு கரையோரம் எங்கும் புயல் காப்பகங்கள் கட்டப்பட்டன. ஊர் தோறும் தொண்டர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. எச்சரிக்கை வந்தால் யார் எந்தத் தெருவுக்குப் போய்க் கதவைத் தட்டவேண்டும் என்பது வரை எழுதிவைக்கப்பட்டது.

2013-ம் ஆண்டு அக்டோபரில் பைலின் புயல் வந்தது. அதுவும் கடும் புயல்தான். ஆனால் சுமார் 10 லட்சம் பேர் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். உயிர்ச்சேதம் ஆயிரக்கணக்கில் இருந்து பத்துக் கணக்கில் வந்து நின்றது.

கடல் மாறவில்லை. கரையில் இருந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். மாறியது அதுதான்.

வீட்டில் எழும் கேள்வி

தாராவியிலோ, செம்பூரிலோ, பாண்டுப்பிலோ ஒரு தமிழ்க் குடும்பம். அப்பா தனியார் கம்பெனியில் குமாஸ்தா. மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு. இந்தப் படிப்பையும் சேர்த்துப் படிக்கப்போவதாக அவள் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

"ஏம்மா, ஒரு பட்டத்தையே நல்லபடியா முடிச்சா போதாதா? இது எதுக்கு இன்னொண்ணு?" என்றுதான் அப்பா கேட்பார்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு சம்பளத்தில் வாடகை, ரயில் பாஸ், ஊருக்கு அனுப்பும் பணம், பிள்ளைகள் படிப்பு அத்தனையும் நடக்கவேண்டும். வீணாகும் ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருவர் வாயைக் கட்டிச் சேர்த்தது. முதல் பட்டத்தில் மார்க்குக் குறைந்துபோனால் நஷ்டம் இரட்டிப்பு.

ஆகவே இதில் இறங்குமுன் மூன்று விஷயங்கள் தெளிவாகவேண்டும். இரண்டும் சேர்த்துப் படிக்கச் சட்டம் இடம் தருகிறதா? படித்தால் பலன் உண்டா? நேரம் போதுமா?

இரண்டு படிப்புக்கு அனுமதி உண்டா?

உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் இதற்கான வழிமுறைகளை வெளியிட்டது. அதன்படி ஒரு மாணவர் ஒரே நேரத்தில் இரண்டு படிப்புகள் படிக்கலாம்.

கல்லூரிக்கு நேரில் போய்ப் படிக்கும் படிப்பு ஒன்று, தொலைநிலைக் கல்வியிலோ ஆன்லைனிலோ மற்றொன்று என்று படிக்கலாம். இரண்டையுமே தொலைநிலையில் படிக்கலாம். இரண்டையும் நேரில் போய்ப் படிப்பதென்றால், ஒன்றின் வகுப்பு நேரம் மற்றொன்றின் மீது விழக்கூடாது. பிஎச்.டி. ஆராய்ச்சிப் படிப்புக்கு இந்த விதி பொருந்தாது.

முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. தொலைநிலைப் படிப்பை நடத்தும் நிறுவனம் அதற்கு உரிய அங்கீகாரம் பெற்றிருக்கவேண்டும்.

யு.ஜி.சி. அனுமதித்தாலும் அந்தந்தப் பல்கலைக்கழகம் தனக்கென்று விதிகள் வகுத்துக்கொள்ளலாம். நர்சிங், இன்ஜினீயரிங் போன்ற தொழிற்படிப்புகளுக்குத் தனிக் கவுன்சில்கள் இருக்கின்றன. எனவே பணம் கட்டுமுன் தன் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

எங்கே படிக்கலாம்?

வேலைக்குப் போகிறவர்களுக்கும், வேறு பட்டம் படிப்பவர்களுக்கும் கைக்கு எட்டும் இடம் இக்னோ என்று அழைக்கப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1985-ம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம் இது.

பேரிடர் மேலாண்மையில் இங்கே ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு உண்டு. பிளஸ்-2 தேறியவர்கள் சேரலாம். பட்டதாரிகளுக்கு ஓராண்டு முதுநிலை டிப்ளமோவும் உண்டு. பட்டம் எந்தப் பாடமாக இருந்தாலும் சரி. குறிப்பிட்ட காலத்தில் முடிக்க முடியாதவர்களுக்கு மேற்கொண்டு அவகாசமும் தரப்படுகிறது. குடும்பஸ்தர்களுக்கும் ஷிப்டு வேலை பார்ப்பவர்களுக்கும் அந்த அவகாசம் பெரிய வசதி. பாடநூல் எந்த மொழியில் கிடைக்கும், அந்த ஆண்டு கட்டணம் என்ன என்பதைச் சேருமுன் மண்டல மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

இதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் பட்டதாரிகளுக்கு, மும்பை தேவ்நாரில் உள்ள டாடா சமூக அறிவியல் கழகத்தில் முதுகலைப் படிப்பு இருக்கிறது. போட்டி அதிகம். செம்பூர்த் தமிழர்களுக்கு அது அடுத்த தெரு என்றாலும், நுழைவுத் தேர்வு எழுதித்தான் உள்ளே போகவேண்டும்.

மராட்டிய மாநிலத்திலேயே நாக்பூரில் தேசியத் தீயணைப்புக் கல்லூரி இருக்கிறது. நாடு முழுவதற்கும் பயிற்சி தரும் நிறுவனம் இது. டெல்லியில் உள்ள தேசியப் பேரிடர் மேலாண்மை நிறுவனம் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்துகிறது.

எந்தப் பட்டத்தோடு சேர்த்தால் பலன்?

பேரிடர் மேலாண்மை குழம்பு மாதிரி. தனியாகச் சாப்பிட முடியாது. சோறு வேண்டும். அந்தச் சோறுதான் முதல் பட்டம். எந்தப் பட்டத்தோடு சேர்கிறதோ அதற்கு ஏற்ற பலனைத் தரும்.

பி.காம். மாணவரை எடுத்துக்கொள்வோம். வெள்ளம் வடிந்த மறுநாள் முதலில் எழும் கேள்விகள் கணக்கைப் பற்றியவை. எந்தக் கிடங்கில் எவ்வளவு அரிசி, எத்தனை பேருக்குப் பட்டுவாடா, நஷ்டஈட்டுப் பணம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? கணக்குத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் நிவாரணம் பாதியிலேயே ஒழுகிப்போகும். இன்சூரன்ஸ் கம்பெனிகளில் நஷ்ட மதிப்பீடு இருக்கிறது. வங்கிகளில், நகரம் முடங்கினாலும் கணக்கு வழக்குத் தடைப்படாமல் நடத்தும் ஏற்பாடு இருக்கிறது. இங்கெல்லாம் வணிகவியலும் பேரிடர் அறிவும் சேர்ந்த ஆளுக்கு வேலை உண்டு.

சிவில் இன்ஜினீயரிங் படிப்பவருக்கு 1993-ம் ஆண்டே ஒரு பாடம். செப்டம்பர் 30-ந் தேதி விடியுமுன், லாத்தூர் மாவட்டம் கில்லாரி வட்டாரத்தில் பூமி அதிர்ந்தது. கிட்டத்தட்ட 10 ஆயிரம் பேர் இறந்தார்கள். பூகம்பத்தின் அளவு உலகக் கணக்கில் மிகப் பெரியது அல்ல. மண்ணைக் குழைத்து அடுக்கிய கனமான கல்சுவர்கள்தான் உறங்கியவர்கள் மீது விழுந்தன. சுவர்களை இணைக்கும் ஒரு பட்டை, மூலைகளுக்கு ஒரு பிணைப்பு என்று சிறிய செலவில் பல வீடுகளைத் தாங்க வைத்திருக்கலாம். கட்டுமானமும் பேரிடர் மேலாண்மையும் தெரிந்தவர் வரைபடத்தைப் பார்க்கும் பார்வையே வேறு.

வேதியியல் படிப்பவருக்குப் போபால். 1984-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி இரவு விஷவாயு கசிந்தபோது, ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளலாம் என்ற எளிய செய்திகூட அக்கம்பக்கத்து மக்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருக்கவில்லை. அதன் விளைவாக 1987-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆலைக்குள் என்ன அபாயம் இருக்கிறது என்பதைத் தொழிலாளிக்குச் சொல்லவேண்டும், விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று திட்டம் எழுதிவைக்கவேண்டும் என்ற கடமை வந்தது.

இந்தப் பாடம் மும்பைக்குப் புதிதல்ல. 1944-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்றில் பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. பஞ்சில் பிடித்த தீ வெடிமருந்துக்குப் போயிற்று. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களில் 66 பேர் உயிர் துறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 நாடு முழுவதும் தீயணைப்புப் பணி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

நர்சிங் படிக்கும் பெண்களுக்கு இது நேரடியாகவே உதவும். ஐம்பது பேர் ஒரே நேரத்தில் அடிபட்டு வந்தால், வந்த வரிசையில் பார்ப்பது தவறு. சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று நிறம் பிரித்து, உடனே பார்த்தால் பிழைப்பவரை முதலில் பார்க்கவேண்டும். சத்தம் போட்டு அழுகிறவரைவிட, சத்தமே இல்லாமல் கிடப்பவர் ஆபத்தில் இருக்கலாம். இதைப் பழகியவர் உள்ள ஆஸ்பத்திரியில் உயிர்கள் மிஞ்சும்.

புவியியலோ கம்ப்யூட்டரோ படிப்பவர்கள் செயற்கைக்கோள் படத்தையும் வார்டு வரைபடத்தையும் பொருத்தி, எந்தத் தெரு முதலில் மூழ்கும் என்று குறிக்கலாம். சமூகப்பணி படிப்பவர்கள் முகாமிலும் மறுவாழ்விலும் வேலை செய்யலாம்.

பல மொழி பேசும் நகரத்தில் மொழியும் ஒரு கருவி. மராத்தியிலும் இந்தியிலும் வரும் எச்சரிக்கை, ஊரிலிருந்து போன மாதம் வந்த பாட்டிக்குப் புரியாது. அதைத் தமிழில், அவருக்குப் புரியும்படி சொல்ல ஒரு பெண்ணோ பையனோ அந்தச் சாலில் இருந்தால் அதுவே பாதிப் பாதுகாப்பு.

வேலை கிடைக்குமா?

இந்தச் சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேலை கேட்டுப் போனால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். முதல் பட்டத்துக்குக் கிடைக்கும் வேலையில், போட்டியிடும் பத்துப் பேரில் ஒரு படி முன்னே நிற்க இது உதவும். அதற்கு மேல் யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பவேண்டாம்.

இடங்கள் பெருகிவருகின்றன என்பதும் உண்மை. சுனாமிக்கு மறு ஆண்டு, 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. மத்தியில் பிரதமர் தலைமையிலும், மாநிலத்தில் முதல்-மந்திரி தலைமையிலும், மாவட்டத்தில் கலெக்டர் தலைமையிலும் ஆணையங்கள் அமைந்தன. 2025-ம் ஆண்டு வந்த திருத்தம், மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் தனி ஆணையம் அமைக்க வழி செய்திருக்கிறது. தொண்டு நிறுவனங்கள், ஆஸ்பத்திரிகள், பெரிய கம்பெனிகள் ஆகியவற்றிலும் இத்தகைய ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

இரண்டு இடங்களில் பலர் தவறாக எண்ணிவிடுகிறார்கள்.

ஒன்று, தேசியப் பேரிடர் மீட்புப் படை. அரக்கோணத்திலும் புனே அருகிலும் இதன் பட்டாலியன்கள் உண்டு. டிப்ளமோவைக் காட்டி இதில் நேரே சேர முடியாது. எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை போன்றவற்றில் இருப்பவர்கள்தான் இங்கே அனுப்பப்படுகிறார்கள். ஆர்வம் உள்ள இளைஞர் முதலில் அந்தப் படைகளில் ஒன்றில் சேரவேண்டும்.

மற்றொன்று, ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரி வேலை. அதற்குக் கேட்பது தொழிலகப் பாதுகாப்பு டிப்ளமோ. அது வேறு, இது வேறு. சயானில் உள்ள மத்தியத் தொழிலாளர் நிறுவனம் அந்த டிப்ளமோவை நடத்துகிறது. தாராவியில் இருந்து கூப்பிடு தூரம். ஆலை வேலையை நோக்கிப் படிப்பவர்கள் அங்கே விசாரிப்பதே சரி.

நேரக் கணக்கு

திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. ஒரு சான்றிதழ்ப் படிப்பு 16 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 480 மணி நேரம் ஆகிறது.

ஆறு மாதத்தில் முடிப்பதென்றால் வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். கல்யாணிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் நின்றுகொண்டே ரயிலில் வந்துபோகும் மாணவருக்கு அது முடியாத காரியம். ஓராண்டில் முடிப்பதென்றால் வாரத்துக்கு ஒன்பது மணி நேரம். தினமும் ஒரு மணி, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. இது முடியும். அவகாசம் இருக்கும்போது அவசரப்படத் தேவையில்லை.

பட்டப் படிப்பின் முதல் ஆண்டிலேயே இதில் சேர்வதைவிட, இரண்டாம் ஆண்டில் சேர்வது நல்லது. கல்லூரிப் பாடம் பிடிபட்டிருக்கும். தேர்வுகள் மோதுகின்றனவா என்பதையும் பார்க்கவேண்டும். இக்னோவின் பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். கல்லூரித் தேர்வு தேதியோடு இவற்றை முன்கூட்டியே ஒத்துப் பார்த்துக்கொள்ளவேண்டும். மோதினால் கல்லூரித் தேர்வுக்கே முதலிடம். மற்றதை அடுத்த பருவத்தில் எழுதிக்கொள்ளலாம்.

கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்திலோ தேசிய மாணவர் படையிலோ இருப்பவர்களுக்கு இந்தப் படிப்பு இன்னும் சுலபம். ஏட்டில் படித்ததை முகாமில் செய்து பார்க்கலாம்.

ஏமாற வேண்டாம்

ஒரு துறை வளர்ந்தால் அதன் பெயரில் கடை விரிப்பவர்களும் வளர்வார்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே, மாடியில் ஓர் அறை. பெயரில் "சர்வதேசம்" இருக்கும். "மூன்றே மாதம், நூறு சதவீதம் வேலை" என்று போர்டு தொங்கும். பணம் கட்டிய பிறகு போர்டும் இருக்காது, ஆளும் இருக்கமாட்டார்.

சேருமுன் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகமும் அந்தப் படிப்பும் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே செலுத்தவேண்டும். இடையில் நிற்கும் ஆளிடம் ரொக்கமாகக் கொடுக்கக்கூடாது. ரசீது இல்லாத பணம் போன பணம்.

பட்டம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு

மில்லிலும் பட்டறையிலும் இட்லிக் கடையிலும் உழைக்கும் எல்லாராலும் டிப்ளமோ படிக்க முடியாது. படிக்கவேண்டும் என்பதும் இல்லை.

குடிமைப் பாதுகாப்பு அமைப்பில் தொண்டராகச் சேரலாம். 1968-ம் ஆண்டுச் சட்டப்படி போர்க்காலத்துக்கென்று அமைந்த இதற்கு, 2009-ம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் பேரிடர்ப் பணியும் தரப்பட்டது. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பு முதலுதவி வகுப்புகள் நடத்துகிறது. மத்திய அரசு 2016-ம் ஆண்டு தொடங்கிய "ஆப்த மித்ரா" திட்டத்தில் தொண்டர்களுக்கு 12 நாள் பயிற்சி வகுக்கப்பட்டது.

இவை எதுவும் இல்லாவிட்டாலும் சில எண்களை மனப்பாடம் செய்து வைக்கலாம். எந்த அவசரத்துக்கும் 112. தீயணைப்புக்கு 101. ஆம்புலன்சுக்கு 108. மும்பை மாநகராட்சியின் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1916. சமையல் அறைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்ட ஐந்து நிமிடம் போதும்.

முதலில் வருபவர் யார்?

எந்த விபத்திலும் முதல் ஒரு மணி நேரம் பொன்னானது. தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை, படை வந்து இறங்கும்வரை, அங்கே இருப்பவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். ஒரு வண்டிகூட நுழைய முடியாத சந்துகளில், பத்துக்குப் பத்து அறைகளில், கேஸ் சிலிண்டரும் தையல் மிஷினும் தூங்கும் குழந்தையும் ஒன்றாக இருக்கும் இடங்களில், இது இன்னும் உண்மை.

அந்த முதல் மணி நேரத்தில் பத்துப் பேர் பத்துத் திசையில் ஓடுவார்கள். ஒருவர் மட்டும் நின்று, மின்சார மெயினை அணைத்து, சந்தின் எந்த முனை திறந்திருக்கிறது என்று காட்டி, வயதானவர்களை முதலில் அனுப்பி, 101-க்குச் சரியான அடையாளம் சொல்லி, கடைசியில் தலைகளை எண்ணிப் பார்த்தால் அந்தச் சாலின் கதையே வேறாக இருக்கும். அந்த ஒருவர் வெளியூரிலிருந்து வரமாட்டார். அந்தச் சாலிலேயே வளர்ந்து, அந்தச் சாலிலிருந்தே கல்லூரிக்குப் போய்வரும் பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும்.

அப்பா கேட்ட கேள்விக்கும் இதுவே பதில். முதல் பட்டம் சம்பளத்துக்கு. அதைத் தொடக்கூடாது, குறைக்கவும் கூடாது. இரண்டாவது படிப்பு அந்தச் சம்பளத்துக்கு வலுச் சேர்க்கலாம், சேர்க்காமலும் போகலாம். ஆனால் ஒரு மழை நாளில், வி.டி. நிலையத்துக்குப் புறப்படும் அப்பாவைப் போனில் கூப்பிட்டு, "அப்பா, குர்லாவிலே தண்ணி ஏறுது. இன்னிக்கு ராத்திரி ஆபீசிலேயே இருங்க" என்று சொல்லத் தெரிந்த மகள் அந்த வீட்டில் இருப்பாள்.

ஜூன் மாதம் தேர்வு வரும். அதே ஜூனில்தான் மும்பையில் மழையும் தொடங்கும்.